விண்மீனின் முடிவும் கொல்கத்தாச் சமன்பாடும்

வாயுவும் தூசியும் கலந்த விண்மேகமே நெபுலா. அதன் ஒரு பகுதி தன் ஈர்ப்பினாலேயே சுருங்கிச் சூடேறி, மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்கும்போது விண்மீன் பிறக்கிறது. உள்ளிழுக்கும் ஈர்ப்பும் வெளித்தள்ளும் அழுத்தமும் சமநிலையில் நிற்கும் வரையே அதன் வாழ்வு.

எரிபொருள் தீர்ந்தபின் நிகழ்வது என்ன? எஞ்சும் மையத்தின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால், அது வெண்குள்ளனாக நிலைத்திருக்க இயலாது என்று எஸ். சந்திரசேகர் 1930களில் நிறுவினார். நிறை மேலும் மிகுந்தால் சுருக்கம் நிற்பதில்லை, கருந்துளை உண்டாகிறது.

ஆனால் இம்முடிவு, விண்மீனைக் குறையற்ற கோளமாகக் கொண்டு கணக்கிட்டதன் விளைவுதானோ என்ற ஐயம் எஞ்சியிருந்தது. பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றியும் இதையொத்த ஐயம் இருந்தது. அதனை ஆராய்ந்த கொல்கத்தா அறிஞர் அமல் குமார் ராய்சௌதுரி, அத்தகைய சீர்மை எதனையும் கற்பிக்காமல், ஈர்ப்பு பொருள்களின் பாதைகளைக் குவிப்பதையும் சுழற்சி அதனைத் தடுப்பதையும் 1955-இல் ஒரே சமன்பாட்டில் வடித்தார். குவிதல் பற்றிய இக்கருத்தின் துணையுடன், கோளச் சீர்மை இல்லாவிடினும் அம்முடிவு தவிர்க்க இயலாதது என்று ரோஜர் பென்ரோஸ் 1965-இல் நிரூபித்தார். 2020-இல் நோபல் பரிசு பெற்றார். ராய்சௌதுரி 2005-லேயே மறைந்திருந்தார்.

கணக்கின் எளிமைக்காக நாம் ஏற்றிய கற்பிதத்தை விலக்கிய பின்னரும் எது நிற்கிறதோ, அதுவே பொருளின் இயல்பு. மாணவர்கள் இச்சமன்பாட்டிலிருந்து முதலில் கற்க வேண்டியது இதுவே.