உயிர்த்தெழுதலும் நம் அன்றாட வாழ்வும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் எம் ஊராகிய குரும்பலூரில் தங்கியிருந்த நாட்களில், எம் பாட்டியார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் மாலை, எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த அண்டை வீட்டுப் பெரியவர் எம்மை நோக்கி, "தம்பி, இறந்தவர் எழுந்திருப்பர் என்று உங்கள் வேதம் கூறுகிறதன்றோ? அது மெய்யானால், நேற்று நீங்கள் எல்லோரும் ஏன் அப்படி அழுதீர்கள்?" என்று வினவினார். அவர் ஏளனமாய்க் கேட்டாரல்லர். சிவநெறியில் நிற்பவர், எம் பாட்டியாரை நாற்பது ஆண்டுகளாக 'அக்கா' என்று அழைத்து வந்தவர், எம்முடன் அழுதவர்களுள் அவரும் ஒருவர். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எமக்கு அவ்வேளையில் ஒரு சொல்லும் எழவில்லை. அன்று கூறாத விடையை ஆராய்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதற்கண், உயிர்த்தெழுதல் என்னும் சொல்லின் பொருளைத் தெளிதல் வேண்டும். பெத்தானியா ஊரினனாகிய லாசரு கல்லறையினின்று வெளிவந்தான் என்று யோவான் சுவிசேஷம் உரைக்கின்றது. ஆயினும் அவன் பின்னும் ஒருநாள் இறக்க வேண்டியவனே. கிறிஸ்து பெருமானின் உயிர்த்தெழுதலோ, இனி மரணம் தீண்டலாகாத வாழ்வு. மறுபிறப்பும் இதுவன்று. ஓருயிர் ஓருடலை விடுத்து வேறோருடலைச் சார்வதே மறுபிறப்பு. இங்கோ சிலுவையில் அறையப்பட்ட அவ்வுடலே, ஆணித் தழும்புகளோடு, மகிமை பெற்று எழுந்தது. உடல் அழிய உயிர் மட்டும் நிலைத்திருக்கும் என்னும் கொள்கையும் இதனை முற்றும் விளக்காது. நம் மொழியின் எழுத்துக்களில் உயிர் 12, மெய் 18, இவை கூடிப் பிறப்பன உயிர்மெய் 216. மெய் என்னும் சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உயிர் தனித்து ஒலிக்கவல்லதே. எனினும் உயிரும் மெய்யும் கூடிய எழுத்துக்களாலன்றோ நம் பேச்சு நிரம்புகின்றது! கிறிஸ்தவனின் நம்பிக்கையும் உயிரளவில் நில்லாது, மெய்யையும் உட்கொண்ட உயிர்மெய் நம்பிக்கையே என்போம். உழைத்துத் தேய்ந்த கைகளையும், நோயால் மெலிந்த உடலையும் இறைவன் கழித்து எறிவதில்லை என்பது இதன் கருத்து.

இனி, இக்கொள்கை கிறிஸ்து மார்க்கத்தில் பெறும் இடம் யாது எனின், பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரமே அதற்குத் தக்க சான்றாம். கி.பி. 55ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்டதாக அறிஞர் கருதும் அந்நிருபம், இறந்தோர்க்கு எழுச்சி இல்லை என்று கொரிந்து நகரத்துச் சபையிலேயே சிலர் கூறியதை எடுத்து ஆராய்கின்றது. பவுல் அவர்களுக்கு மழுப்பி விடையிறுக்கவில்லை. கிறிஸ்து எழுந்திலர் என்றால் தம் பிரசங்கமும் வீண், கேட்டவர் விசுவாசமும் வீண், பாவமன்னிப்பும் இல்லை, இறந்த அடியார்கள் கெட்டொழிந்தவர்களே என்று, நேரக்கூடிய இழப்பு முழுவதையும் தாமே எண்ணிக் காட்டுகின்றார். வீட்டின் ஒரு சன்னலைப் பெயர்த்தாலும் வீடு நிற்கும்; அடிக்கல்லைப் பெயர்த்தால் நில்லாது. உயிர்த்தெழுதலை அவர் அடிக்கல்லாகவே கொண்டனர்.

அஃது அடிக்கல்லாவது எங்ஙனம்? சிலுவையோடு வரலாறு முடிந்திருப்பின், நல்லார் ஒருவரை வல்லார் கொன்றனர் என்பதற்கு மேல் கூறுதற்கு ஒன்றுமில்லை. மனிதரின் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இறைவன் மாற்றியருளிய செயலே உயிர்த்தெழுதல். தவறான தீர்ப்பும் அது வெளிப்படுதலும் சிலப்பதிகாரம் பயின்ற நமக்குப் புதியன அல்ல. கோவலன் கள்வனல்லன் என்பதைக் கண்ணகியார் சிலம்பை உடைத்து நிறுவினார், பாண்டியன் தன் பிழை உணர்ந்து அரியணையிலேயே உயிர்விட்டான், மதுரை எரியுண்டது. அக்கற்புடைத் தெய்வத்தின் சீற்றம் நேரியதே. ஆயினும் எருசலேமில் நிகழ்ந்தது வேறு. தம்மைக் கைவிட்டு ஓடிய சீடரிடம் மீண்டு வந்த பெருமான் முதலிற் கூறியது சமாதான வாழ்த்து. மன்னிப்பின் செய்தியை எங்கிருந்து தொடங்குவது என்று குறித்த போது, தம்மைக் கொன்ற எருசலேம் நகரையே குறித்தனர் என்கிறது லூக்கா சுவிசேஷம். நீதி நிலைபெற்றது, நகரம் எரியவில்லை. இந்நிகழ்ச்சி வெறும் வியப்பாக நில்லாது நற்செய்தியாகத் திகழ்வது இதனாலேயே.

இதற்குச் சாட்சி பகர்ந்தோர் எத்தகையோர் என்பதும் நோக்கத்தக்கது. நான்கு சுவிசேஷங்களும் கல்லறைக்கு முதற்சென்றோர் பெண்களே என்கின்றன. பெண்டிர் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைந்த அக்காலத்தில், ஒரு கதையைப் புனைய விரும்பினோர் அவர்களை முன்னிறுத்தியிரார். அவர்கள் கூறியதை வீண்பேச்சு என்று அப்போஸ்தலரே தள்ளினர் என்பதையும் லூக்கா மறைத்தாரல்லர். கண்டாலன்றி நம்பேன் என்ற தோமாவின் ஐயமும் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. அந்தத் தோமாவே பின்னர் மயிலைக்கு வந்து நற்செய்தி கூறினார் என்பது நம் நாட்டார் நெடுங்காலமாகப் போற்றிவரும் மரபு. ஐயுற்றவனை ஆண்டவர் விலக்கினாரல்லர். தழும்பைக் காட்டித் தெளிவித்தனர். கல்லூரியில் பயிலும் நமக்கு இஃது எத்துணை ஆறுதல்!

எம் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் உண்டு. நிலநூல் வல்லுநர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் அதனை அறிவுலகத்துக்குத் தெரிவித்தார். கடல் இப்பகுதியை மூடியிருந்த காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், வண்டலிற் புதைந்த மரம் அது. மரத்தின் இழைகள் இருந்த இடத்தை மணற்சத்து மெல்லமெல்ல நிரப்ப, 18 மீட்டருக்கும் மேல் நீண்ட அடிமரம் வடிவம் கெடாமல் கல்லாயிற்று. அதனைக் காண்போர் வியவாதிரார். எனினும் அதில் ஒரு தளிரும் தோன்றாது. அம்மாவட்டத்திலேயே உழவர் சின்ன வெங்காயம் நடுகின்றனர். ஊன்றிய விதை வெங்காயம் மண்ணிற் சுருங்கி உருவழிகின்றது. அதனினின்று பல காய்கள் கொத்தாய்த் திரள்கின்றன. பவுல் அப்போஸ்தலர் உயிர்த்தெழுதலுக்கு உவமையாக எடுத்தாண்டதும் விதையையே. கல்மரம் அழியாமல் இருக்கின்றது, ஆயின் வாழவில்லை. விதை அழிகின்றது, ஆயின் வாழ்கின்றது. நம் விசுவாசமும் இவ்விரண்டில் ஒன்றாதல் கூடும். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்லும் வழக்கமும், மனப்பாடமான ஜெபமும் வடிவம் கெடாமல் இருக்க, உள்ளே அன்பு கல்லாகிவிட்டால், நாமும் காண்பதற்குரிய கல்மரங்களே.

அங்ஙனமாயின் அன்றாட வாழ்வில் இந்நம்பிக்கை செய்வது யாது? மேற்கூறிய 15ஆம் அதிகாரம் 58 வசனங்கள் கொண்டது. வானளாவ உயர்ந்து செல்லும் அவ்வதிகாரத்தின் முடிவில், ஆண்டவருக்காக உழைக்கும் உழைப்பு பயனற்றுப் போகாது என்று பவுல் உறுதி கூறுகின்றார். அடுத்த அதிகாரம் எருசலேமிலுள்ள ஏழைகளுக்காக வாரந்தோறும் காசு சேர்த்து வைக்கும் முறையோடு தொடங்குகின்றது. மரணத்தை வென்ற செய்திக்கும் ஏழைக்கு எடுத்துவைக்கும் காசுக்கும் இடையே அவர் எவ்விடைவெளியும் காணவில்லை. உயிர்த்த பெருமானும் திபேரியா கடற்கரையில் இரவெல்லாம் வலைவீசி இளைத்த சீடருக்குக் கரிநெருப்பில் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, காலையுணவு உண்ண அழைத்தனர். ஆகவே, விடுதியிற் காய்ச்சலுற்ற தோழனுக்குக் கஞ்சி எடுத்துச் செல்லும் மாணவன், தான் நினையாமலே உயிர்த்தெழுதலுக்குச் சாட்சி பகர்கின்றான்.

இந்நம்பிக்கையால் உழைத்தவர்களைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், நம் மொழியைக் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715ஆம் ஆண்டுக்குள் முழுவதும் அச்சிட்டு முடித்தனர். பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரையிலேயே அவர் மொழிபெயர்க்க முடிந்தது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தம் 36ஆம் வயதில், அவ்வூரிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தவர் பின்வந்த சுல்ட்சே ஐயர். தம் வாழ்நாளில் முடிவு காணாத பணியையும் ஒருவர் அமைதியோடு பிறர் கையில் விட்டுச் செல்லலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இப்பொழுது பெரியவரின் வினாவிற்கு வருவோம். லாசருவை எழுப்பப் போகின்றோம் என்று அறிந்திருந்தும், அவன் கல்லறையருகே பெருமான் கண்ணீர் விட்டனர். சிறிது நேரத்தில் மகிழ்ச்சியாக மாறப்போகும் துயரத்தையும் அவர் பொய்யென்று தள்ளவில்லை. மரணம் பகைவனே என்பதை அக்கண்ணீர் காட்டியது. அப்பகைவன் இறுதி வெற்றி பெறான் என்பதைத் திறந்த கல்லறை காட்டியது. ஆதலின் கிறிஸ்தவன் அழுதல் விசுவாசக் குறைவன்று. நம்பிக்கையற்றவனாய் அழுதலே குறைவு. அன்பு செய்தவரைப் பிரிந்து அழாதவன் கல்மரமே அன்றோ?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்றபோது, இவ்விடையை அப்பெரியவரிடம் கூறினோம். அறுவடையான வெங்காயத்தில் விதைக்காக நல்லவற்றைப் பொறுக்கிக் கொண்டிருந்த அவர், கை ஓயாமலே கேட்டு, "உங்கள் சாமியும் அழுதாரா? அப்படியானால் அக்காவுக்காக நாம் அழுததில் தவறில்லை, தம்பி" என்றார். அவர் எம் கொள்கையை ஏற்றார் என்று யாம் கூறவில்லை. ஆயினும் எட்டுத் திங்கள் எம் நெஞ்சிற் கிடந்த பாரம் அன்று இறங்கிற்று. மறுநாள் விடியலில் பாட்டியாரின் கல்லறைக்குச் சென்று, முளைத்திருந்த களைகளைப் பறித்து, அவ்விடத்தைத் துப்புரவாக்கி வந்தோம். எழுந்திருக்கப் போகின்றவரின் படுக்கையைத் திருத்தி வைப்பது பேரப்பிள்ளையின் கடமையன்றோ? நண்பர்களே, அழ வேண்டிய நேரத்தில் அழுது, உழைக்க வேண்டிய நேரத்தில் உழைத்து, நம் உழைப்பு ஒன்றும் மண்ணோடு போகாது என்னும் உறுதியோடு வாழ்வோமாக.