பரமார்த்த குருவும் ஆங்கில வகுப்பும்

அயல்மொழி கற்க இலக்கணமே முதற்படி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வீரமாமுனிவர் அப்படி எண்ணியதாகத் தோன்றவில்லை. இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழகம் வந்த அப்பெரியார் தமிழுக்கு இலக்கணங்கள் எழுதியவர்தாம். ஆயினும் தமிழ் பயில வந்த பாதிரிமாருக்கென்று பரமார்த்த குரு கதையையும் எழுதி, இலத்தீனில் மொழிபெயர்த்தும் வைத்தார். 1822-இல் பாபிங்டன் என்பார் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் இலண்டனில் வெளியிட்டார். ஐரோப்பியருக்குத் தமிழ் சொல்லித்தந்த கதை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தராதா?

கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதிப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூரார் பலர் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். அங்கே நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் பேச வராதவனுக்கு நல்ல வேலை எட்டுவதில்லை. 'ஷாஃப்ட்', 'ஷிஃப்ட்' எல்லாம் பாட்டன் காலத்திலேயே வீட்டுக்குள் வந்துவிட்ட சொற்கள். சொல்லுக்குப் பஞ்சமில்லை, வாக்கியத்துக்குத்தான் பஞ்சம். இத்தனைக்கும் இப்பிள்ளைகள் கன்னடத்தையும் தெலுங்கையும் தெருவிலேயே கற்றவர்கள், இலக்கண நூலைக் கண்ணால் பாராமலே!

கரும்பலகையில் ஆற்றை வரைந்துவிட்டு, ஆறு கடந்த கதையை ஆங்கிலத்தில் தொடங்கினேன். குருவும் சீடர் ஐவரும் கரையேறுகின்றனர். ஒரு சீடன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான்: "ஒன், டூ, த்ரீ, ஃபோர், ஃபைவ். ஒன் இஸ் மிஸ்ஸிங்!" அடுத்தவனும் அப்படியே. மூன்றாமவன் எண்ணியபோது வகுப்பே உடன் கூவியது. பயிற்சியென்று கொடுத்தால் கொட்டாவி வரவழைக்கும் வாக்கியம், கதையில் திரும்பத் திரும்ப வரும்போது சிரிப்பை மூட்டுகிறது.

ஒரு சிறுவன் பொறுக்கமாட்டாமல் எழுந்து, "யூ நாட் கவுண்ட் யூ!" என்றான். நான் திருத்தவில்லை. தானாக அவன் கட்டிய முதல் ஆங்கில வாக்கியம் அது. மறுநாள் கதையில் ஒரு வழிப்போக்கனைக் கொணர்ந்து, "யூ டிட் நாட் கவுண்ட் யுவர்செல்ஃப்" என்று அவன் வாயில் வைத்தேன். சிறுவனின் உதடுகள் அதைச் சொல்லிப் பார்த்தன.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தமிழுக்காகவே காத்திருப்பர். ஆங்கிலம் காதில் விழாது. படத்தாலும் கையசைப்பாலும் விளங்காத சொல்லைக் கதையில் சேர்க்காதிருப்பதே நலம்.

இலக்கணம் வேண்டாமென்பதன்று. பாபிங்டன் பதிப்பிலும் முதற்கதைக்கு இலக்கணப் பகுப்பு உண்டு. எங்கள் வகுப்பிலும், "'டிட்' வந்தபின் 'கவுண்டட்' ஏன் வரக்கூடாது?" என்று இப்போது பிள்ளைகளே கேட்கிறார்கள்.