புதிய வங்கிச் செயலி: முதல் வாரத்தில் கவனிக்க வேண்டியவை

பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பரும் வாழையும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயிக்கு வரவு சிறுசிறு தொகைகளாகவே வருகிறது. ஷீட் விற்ற பணம், ஒட்டுப்பால் விற்ற பணம், ஏத்தன் குலை விற்ற பணம் என்று அது பலவகைப்படும். செலவும் அவ்வாறே: பால்வெட்டுக் கூலி, உரக்கடைப் பாக்கி, கடன் தவணை. பால் எடுத்து, உறைய வைத்து, ஷீட் அடிக்கும் வேளையில்தான் வங்கியும் திறந்திருக்கிறது. ஆகவே வங்கிக்குச் சென்று வர அரை நாள் வேலை கெடுகிறது. இக்குறையைக் கைபேசியிலுள்ள வங்கிச் செயலி பெருமளவு போக்கும்.

ஆனால் புதிய நெல் இரகத்தை முதல் போகத்திலேயே வயல் முழுவதும் எவரும் நடுவதில்லை. ஒரு பாத்தியில் நட்டுப் பார்த்த பின்பே பரப்பைக் கூட்டுகிறோம். செயலிக்கும் இம்முறையே ஏற்றது. எமது கணக்குள்ள வங்கியின் புதிய செயலியை ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்ததில் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

பதிவு செய்தல்

செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். சரியான பெயரை வங்கிக் கிளையில் கேட்டறிவது நலம். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொட்டு எதையும் நிறுவக் கூடாது. அரசு உதவித்தொகையின் பெயரைச் சொல்லிப் போலிச் செயலிகளை அனுப்புவோர் உள்ளனர்.

எமக்கு முதல் இரண்டு முறை பதிவு ஆகவில்லை. செயலி நம் சிம்மிலிருந்து வங்கிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இது கணக்கில் பதிந்த எண்தானா என்று சரிபார்க்கிறது. எமது கைபேசியில் இரண்டு சிம்கள் இருந்தன. வங்கியில் பதிந்த சிம்மில் காசு தீர்ந்திருந்ததால் குறுஞ்செய்தி போகவில்லை. அதற்குக் காசு போட்டு, அந்தச் சிம்மைத் தேர்ந்தெடுத்ததும் பதிவு முடிந்தது. எண்ணை மாற்றியவர்கள் முதலில் வங்கிக் கிளையில் புதிய எண்ணைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

முதல் சோதனை

முதலில் வீட்டிலுள்ள ஒருவர் கணக்கிற்குப் பத்து ரூபாய் அனுப்பிப் பார்க்கவும். இரகசிய எண்ணை இடும் முன் திரையில் பெறுபவர் பெயர் தோன்றும். அதைப் படித்துப் பார்த்த பின்னரே எண்ணை இட வேண்டும். பணம் சேர்ந்ததை இரு கணக்குகளிலும் சரிபார்த்த பிறகே பெரிய தொகைக்குச் செல்லலாம்.

சிக்னல் அறுந்தால்

ரப்பர் தோட்டத்தினுள் நின்று உரக்கடைக்குப் பணம் அனுப்பியபோது நடுவில் சிக்னல் அறுந்தது. 'நிலுவையில் உள்ளது' என்ற பொருள்படும் சொல் ஆங்கிலத்தில் தோன்றியது. இந்நிலையில் உடனே மறுமுறை அனுப்புவது தவறு. தொகை இரு முறை கழிந்துவிடக்கூடும். சிக்னல் உள்ள இடத்திற்கு வந்து, கணக்கு விவரத்தைப் பார்த்து, பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் கழிந்து எதிராளிக்குச் சேராத யு.பி.ஐ. பணத்தைத் தாமாகவே திருப்பும்படி ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு விதித்தது. தனிநபருக்கு அனுப்பியதாயின் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாட்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பதும் அவ்விதியில் அடங்கும்.

கடன் தவணை

விவசாயிக்கு உண்மையான இழப்பு இங்குதான் நேரக்கூடும். மத்திய அரசின் வட்டிச் சலுகைத் திட்டப்படி, 2025-26இல் கிசான் கடன் அட்டை மூலம் பெறும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 சதவீதம் குறைந்து 4 சதவீதமாகிறது. ஓராண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் பெற்றவருக்கு இவ்வேறுபாடு 3,000 ரூபாய்.

புதிதாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்தில் யு.பி.ஐ. வழியே பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப இயலாது. ஆகவே கெடு நாளன்று செயலியை நிறுவி, அன்றே தவணை கட்டிவிடலாம் என்று நம்பக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் முன்னதாகச் செலுத்தி, கடன் கணக்கில் வரவானதைப் பார்த்துக்கொள்ளவும். கடன் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தால், செயலி வழியே அங்குச் செலுத்த இயலுமா என்பதைச் சங்கச் செயலரிடம் கேட்டறிய வேண்டும்.

இரகசிய எண்

இந்த எண் பணம் கொடுப்பதற்கே தேவை, பெறுவதற்குத் தேவையில்லை. 'வாழைக்குலைக்கு முன்பணம் அனுப்புகிறேன், உங்கள் எண்ணை இடுங்கள்' என்று ஒருவர் சொன்னால் அவர் வியாபாரி அல்லர். ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் சொல்லக் கூடாது.

நம் தவறின்றிப் பணம் பறிபோய், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்தது. இரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு நம்முடையதே. ஆகவே ஏமாந்ததை மறைக்காமல் உடனே வங்கிக்கும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பட்டன் கைபேசி வைத்திருப்போர்

இவர்களுக்கும் வழி உண்டு. இணையம் இல்லாமலே *99# என்று அழுத்தி, திரையில் வரும் எண்களைத் தேர்ந்து இருப்புத் தொகையை அறியலாம், பணமும் அனுப்பலாம். பட்டன் கைபேசிகளுக்கென '123பே' என்னும் முறையையும் ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. ஆயினும் கைபேசிச் சிக்னல் அவசியம்.

நினைவிற்கொள்ள

1. பதிந்த சிம்மில் காசு இருக்கட்டும்.
2. முதலில் பத்து ரூபாய், பின்னர் பெருந்தொகை.
3. நிலுவை என்றால் மறுமுறை அனுப்பாதீர்.
4. தவணையை ஒரு வாரம் முன்பே செலுத்துங்கள்.
5. பணம் பெற இரகசிய எண் வேண்டாம்.

இவ்வைந்தையும் கடைப்பிடிக்கும் விவசாயி, வங்கிக்கு நடக்கும் அரை நாளைத் தோட்டத்திலேயே செலவிட்டுப் பயன் பெறலாம்.