உயிர் காலேஜும் செத்த காலேஜும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர்வண்டி, கோட்டை நிலையத்தை அடுத்துப் 'பூங்கா' என்னும் நிலையத்தில் நிற்கிறது. இறங்குவோரில் பெரும்பாலோர் சென்ட்ரலை நோக்கி விரைகின்றனர். பெயர்ப்பலகையில் பூங்கா இருக்கிறது. எதிரே தெரிவனவோ வாகன நெரிசலும் கட்டடங்களுமே. அப்பகுதிக்குப் பூங்கா நகர் என்று பெயர் வரக் காரணமானது, 'பீப்பிள்ஸ் பார்க்' என வழங்கிய பெரும்பூங்கா ஆகும்.

1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவிலியன், நெருக்கம் மிகுந்த கருப்பர் நகரத்து மக்கள் காற்று வாங்கவும் உலவவும் ஓர் இடம் வேண்டும் எனக் கருதினார். அவர் அப்பதவியில் ஓராண்டுக்குச் சற்று மேலாகவே இருந்தார். வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமையால் திரும்ப அழைக்கப்பட்டார். ஆயினும் அவர் எண்ணிய பூங்கா உருவாயிற்று. 116 ஏக்கர் பரப்பு, 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளச் சாலைகள், இசைமேடை ஆகியவற்றைக் கொண்டதாக அது விளங்கியது.

பெயர் பிறந்த விதம்

மக்களை அங்கு மிகுதியாக ஈர்த்தது விலங்குக் காட்சிச்சாலையே. அதன் தொடக்கம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்டு பால்ஃபோர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரண்டு வருவதைக் கண்டார். கர்நாடக நவாப்பிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்று, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக்கூடத்தை அமைத்தார். 1863இல் விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்கிற்கு மாற்றப்பட்டன. பதப்படுத்தப்பட்ட உடல்களும் எலும்புக்கூடுகளும் எழும்பூரிலேயே தங்கிவிட்டன.

இப்பிரிவினைக்கு மக்கள் தம் மொழியில் பெயர் சூட்டினர். உயிருள்ளவை இருந்த இடம் 'உயிர் காலேஜ்' ஆயிற்று. உயிரற்றவை இருந்த இடம் 'செத்த காலேஜ்' ஆயிற்று. பாடம் நடவாத இடங்களுக்குக் காலேஜ் என்னும் சொல் எவ்வாறு வந்தது? அருங்காட்சியகம் 1851இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னைக் கல்விச் சங்கத்தின் கட்டடத்தில். 1812இல் எல்லிஸ் தோற்றுவித்த அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் 'காலேஜ்' என்னும் சொல் உண்டு. அவ்வழி இன்றும் கல்லூரிச் சாலை எனப்படுகிறது. 1854இல் அருங்காட்சியகம் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தபோது பழைய சொல்லும் அதனுடன் சென்றது எனக் கருத இடமுண்டு.

இலக்கண நோக்கிலும் இப்பெயர்கள் சுவையானவை. 'உயிர் காலேஜ்' என்பது உயிர்களை உடைய காலேஜ் என விரியும். வேற்றுமை உருபும் அதன் பயனும் அதில் மறைந்துள்ளன. 'செத்த' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். செத்தது காலேஜ் அன்று, அதனுள் இருப்பவையே. ஆயினும் கேட்போர் எவரும் பொருள் மயங்கியதில்லை. ஆங்கிலம் கற்றோர் ஆவணங்களில் எழுதிய பெயர்களைவிட, எழுத்தறியாதோர் ஆக்கிய இவ்விரு பெயர்களே பொருளை விரைவாக உணர்த்தின. காணும் பொங்கலன்று குழந்தைகளுடனும் கட்டுச்சோற்றுடனும் நகருக்கு வந்தோர் முதலில் கேட்டது இவ்விரண்டுக்குமான வழியையே.

பூங்கா சுருங்கிய கதை

அப்பூங்காவைப் பற்றிய நினைவுகள் அனைத்தும் இனியவை அல்ல. 1886ஆம் ஆண்டின் இறுதி நாளில் அங்கு நடந்த பொருட்காட்சியில் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

பூங்காவின் நிலம் சிறிது சிறிதாகக் கைமாறியது. விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை நிமிர்ந்தது. பின்னர் நேரு விளையாட்டரங்கும் அந்நிலப்பரப்பிலேயே அமைந்தது. இவற்றுள் ஒவ்வொன்றும் நகருக்குத் தேவையானதே. தனித்தனியே பார்த்தால் குறைகூற இயலாது. பொதுமக்களுக்கென ஒதுக்கிய நிலம் பொதுப்பணிகளாலேயே கரைந்தது என்பதுதான் இதில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர்த் தொடர்வண்டி முனையம் எழுந்தது. அதே ஆண்டு சூலையில் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. நகருக்குள் நெருக்கடியில் இருந்த விலங்குகளுக்கு அது பெரும் விடுதலையே. ஆனால் உயிர் காலேஜ் என்னும் பெயர் அவற்றுடன் வண்டலூருக்குச் செல்லவில்லை. இணையை இழந்த செத்த காலேஜும் மெல்லப் பேச்சிலிருந்து நழுவியது. எழும்பூரில் தானியில் ஏறும் முதியவர் ஒருவர் அப்பெயரைச் சொன்னால், நரைத்த தலையுடைய ஓட்டுநர் மறுகேள்வி கேளாமல் வண்டியைக் கிளப்புவார். இளைய ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார்.