ஈவென்டை எழுப்பும் உரிமை

கேள்வி: சி ஷார்ப்பில் 'கணக்கு' கிளாஸில் 'இருப்பு குறைந்தது' என்று ஒரு ஈவென்ட் இருக்கிறது. அதிலிருந்து வந்த 'சேமிப்புக் கணக்கு' கிளாஸின் மெத்தடில் அதை எழுப்பினால் கம்பைலர் மறுக்கிறதே?

பதில்: ஈவென்டை அறிவித்த கிளாஸ்தான் அதை எழுப்ப முடியும், பிள்ளை கிளாஸுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. மற்றவர்கள் += போட்டுச் சேரலாம், -= போட்டு விலகலாம், அவ்வளவுதான். கறாரான விதி, ஆனால் நல்ல விதி. தாய் கிளாஸில் 'ஆன்' என்று தொடங்கும் பெயரில் ஒரு புரொடெக்டெட் வெர்ச்சுவல் மெத்தட் எழுதி, ஈவென்டை அதற்குள் எழுப்புங்கள். பிள்ளை கிளாஸ் அந்த மெத்தடை அழைக்கட்டும். தொகையைக் கழித்த பிறகே அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவருக்குப் பழைய இருப்புதான் தெரியும். யாருமே சேராத ஈவென்டை நேரடியாக எழுப்பினால் புரோகிராம் விழுந்துவிடும். 2015-இல் வந்த சி ஷார்ப் 6 முதல், இன்வோக்குக்கு முன் ?. போட்டாலே போதும்.