சுவரைக் காய வைத்தது வேலையா, வெயிலா?

நம்பிக்கை: ஓதம் அடித்த சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்தால் போதும்.

உண்மை: சுவரில் ஈரம் இருந்தால் அதற்குத் தண்ணீர் வரும் வழி ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்தால், நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். கூரையை ஒட்டிய கறைக்கு மொட்டைமாடித் தளத்தையும் கைப்பிடிச் சுவரையும் சோதிக்க வேண்டும். குளியலறையின் பின்சுவர் மட்டும் நனைந்தால் குழாயையும் டைல்ஸ் இடுக்குகளையும் ஆராய வேண்டும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. வழியை அடைக்காமல் உட்புறம் பட்டி பார்த்து ரசாயனம் அடித்தால், பின்னால் தேங்கும் ஈரமும் உப்பும் சில மாதங்களில் அந்தப் பூச்சையே பெயர்த்துவிடும். செலவுதான் இரட்டிப்பாகும்.

நம்பிக்கை: கருவி வைத்துப் பார்த்துச் சொன்னால் தவறாது.

உண்மை: கையடக்க ஈரமானிகள் பல மின்கடத்தலை அளப்பவை. உப்புப் படிந்த சுவரில் ஈரம் குறைவாக இருந்தாலும் எண் கூடுதலாகக் காட்டும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதைவிட நம்பத் தகுந்த சோதனைகளை நீங்களே செய்யலாம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் குறைந்திருந்தால் தொட்டியிலோ குழாயிலோ கசிவு உண்டு. குளியலறையின் வடிகாலை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிவைத்தால், தரை வழியாக இறங்குகிறதா என்பது தெரியும்.

நம்பிக்கை: வேலை முடிந்து மூன்று மாதமாகச் சுவர் காய்ந்தே இருக்கிறது, ஆகவே வேலை சரி.

உண்மை: சென்னைக்குப் பெருமழை வருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழையால் நனைந்த சுவருக்கு ஜனவரியில் எதை அடித்தாலும், எதையும் அடிக்காவிட்டாலும், கோடையில் அது காயும். நேர்மையற்ற ஒப்பந்ததாரருக்கு வாய்ப்பாக அமைவது இந்த இடைவெளிதான். ஆகவே உத்தரவாதம் ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது தாண்ட வேண்டும். தொகையில் பத்தில் ஒரு பங்கை அதுவரை நிறுத்திவைக்க வேண்டும். உழைத்தவரைக் காக்க வைப்பது நியாயமா என்று கேட்கலாம். கொத்தனார் கூலியும் பொருள் செலவும் உடனே போய்ச் சேரட்டும். நிறுத்திவைப்பது ஒப்பந்ததாரரின் லாபத்தில் ஒரு பகுதியை மட்டுமே. பெரிய கட்டுமான ஒப்பந்தங்களில் இது வழக்கமான ஏற்பாடு.

சிறு வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்கு 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. அங்கே உங்களுக்காகப் பேசுவது ரசீதும், ஈரத்தின் காரணம், செய்யும் வேலை, உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்ட தாளும்தான். ஈரம் வரும் வழியைக் காட்டாதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.