தாய்ப்பால் வங்கி

நம் முன்னோர் தாயரை ஐவகைப்படுத்திக் கூறினர். பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என்பன அப்பெயர்கள். இவருள் முலைத்தாய் என்பவள், பிறர் பெற்ற குழந்தைக்குத் தன் பாலை ஈந்து காப்பவள். அப்பழைய அறம் இன்று புதிய வடிவில் நம் மருத்துவமனைகளில் தழைத்து வருகின்றது. அதுவே தாய்ப்பால் வங்கி.

சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறுவோர் சிறிது நேரத்தில் எழும்பூரை அடைவர். அங்குள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் பல ஊர்களினின்றும் குறைமாதக் குழந்தைகள் கொண்டுவரப்படுகின்றன. கருவில் 37 வாரங்கள் நிரம்புமுன் பிறப்பனவற்றையே குறைமாதக் குழந்தைகள் என்பர். அவற்றுள் மிகச் சிறியவற்றின் குடல் முதிராதது. மாவுப்பாலை எளிதில் ஏற்காது. குடல் அழன்று, உயிருக்கே கேடு விளைதலும் உண்டு. தாய்ப்பால் அக்கேட்டைப் பெரிதும் தடுக்கும். ஆனால், தாய் நோயுற்று வேறு மருத்துவமனையில் கிடக்கலாம். பால் சுரக்கச் சில நாட்கள் ஆகலாம். அந்நாட்களில் குழந்தையைக் காப்பது யார்? மற்றொரு தாயின் பாலே.

பால் கொடுக்க விரும்பும் தாய், தன் குழந்தை வயிறார உண்டபின் எஞ்சியதையே தருகின்றாள். முதலில் அவளுடைய இரத்தம் சோதிக்கப்படும். பெற்ற பாலை 62.5 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, விரைவாகக் குளிர்வித்து, நோய்க்கிருமிகள் இல்லை என்று தெளிந்தபின் உறைநிலையில் காப்பர். மிகச் சிறிய குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டரே போதும். ஆதலின், ஒருத்தி ஈயும் ஒரு கிண்ணப் பால் பல குழந்தைகளுக்கு உணவாகும்.

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-இல் வியன்னா நகரில் தோன்றியது. ஆசியாவின் முதல் வங்கியை 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டசு அம்மையார் நிறுவினார். தாராவியின் ஏழை மக்கள் நாடிவரும் மருத்துவமனை அது. 2015-இல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் இவ்வங்கிகள் தொடங்கப்பெற்றன. இப்பால் விற்பனைப் பொருளன்று. அதனை விற்றலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் அறிவித்துள்ளது.

எனினும், ஏழை நாடுகளில் தேவைக்கேற்ற வங்கிகள் இல்லை. கருவிகளின் விலை மிகுதி. இடையறா மின்சாரம் வேண்டும். இவற்றினும் பெரிய தடை அறியாமை. பிறர்க்குக் கொடுத்தால் தன் மகவுக்குக் குறையும் என்று அஞ்சுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. எடுக்க எடுக்கச் சுரப்பதே தாய்ப்பாலின் இயல்பு. இறைக்கும் கிணறு ஊறும் அன்றோ?

பிரேசில் நாடு இத்தடைகளை எளிய வழியால் வென்றது. காப்பித்தூள் வந்த கண்ணாடிப் புட்டிகளைத் தூய்மை செய்து அதிற் பாலைச் சேர்க்கின்றனர். தீயணைப்பு வீரர்களே சில ஊர்களில் வீடுதோறும் சென்று அப்புட்டிகளைப் பெற்று வருகின்றனர். அங்கு இன்று இருநூறுக்கும் மேற்பட்ட வங்கிகள் உள்ளன. பெருஞ்செல்வத்தினும் நல்ல ஏற்பாடே அங்குப் பயன் தந்தது.

மாணவர்களே! பால் சுரக்கும் தாயரும் நம் ஊரில் உள்ளனர். பாலின்றி வாடும் குழந்தைகளும் உள்ளன. இவ்விருவருக்கும் இடையே உள்ள வழியைச் செம்மை செய்தலே நம் கடமை. அறிந்ததை இல்லத்தில் எடுத்துரைப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே ஆகும்.